வானலைப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, கம்ப்யூட்டரோடு இணைக்கும் கையடக்க எஸ்டிஆர் பெட்டி ஒன்று இருந்தால் ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ்காரர்கள் டிவி படமே அனுப்பலாம் என்று எங்கள் கல்லூரியில் ஒரு சார் சொன்னார். பெரிய ஸ்டேஷன் செய்த வேலையை அந்தப் பெட்டி எப்படிச் செய்கிறது? அதை வாங்கினால் போதுமா?
கல்லூரி மாணவர், உச்சிப்புளி

பதில்: அனுப்பலாம் தம்பி. தங்கச்சிமடத்தில் என் வீட்டு மாடியிலிருந்து நான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். முப்பத்தெட்டு வருடம் டிவி ரிப்பேர் பார்த்தவன் நான். பிறர் அனுப்பிய படத்தைத் தெளிவாக்கிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. என் கையால் ஒரு படம் வானில் ஏறிய அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எஸ்டிஆர், அதாவது மென்பொருளால் இயங்கும் ரேடியோ, என்பதில் புதுமை என்னவென்றால், முன்பு காயிலும் கெப்பாசிட்டரும் செய்த வேலையை இப்போது கணக்கு செய்கிறது. அனுப்ப வேண்டிய அலை ஒவ்வொரு நொடித்துளியிலும் எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை எண்களாகக் கணக்கிட்டுச் சிப்புக்குக் கொடுக்கிறோம். சிப் அந்த எண்களை அலையாக்குகிறது. நான் வைத்திருப்பது அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் புளூட்டோ. மாணவர்கள் கற்பதற்காக வந்த பெட்டி அது. 325 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், 12 பிட் நுணுக்கம். ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்யும். லைம் எஸ்டிஆர் மினியும் இந்த வேலைக்கு நல்லது. ஹேக்ஆர்எஃப் 8 பிட்தான், அனுப்பும்போது வாங்காது. ஆனாலும் பழகுவதற்குப் போதும்.

கேமராப் படம் லேப்டாப்பில் ஓபிஎஸ் மென்பொருளுக்குள் போகிறது. யூடியூப் நேரலைக்குப் பயன்படுத்துகிறார்களே, அதேதான். அங்கிருந்து நெட்வொர்க் வழியாகப் புளூட்டோவுக்கு. ஹாம் அன்பர்கள் எழுதிய மாற்று ஃபர்ம்வேரைப் புளூட்டோவில் ஏற்றிவிட்டால், சேட்டிலைட் டிவிக்கு உரிய டிவிபி-எஸ்2 முறையில் அந்தப் படத்தை அதுவே அடுக்கி அனுப்பிவிடும்.

அலை அகலம் பற்றி ஒரு வார்த்தை. தூர்தர்ஷனின் பழைய அனலாக் சேனல் ஒன்றுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் இடம் வேண்டும். நமக்கு 70 சென்டிமீட்டர் பட்டையில் ஒதுக்கியிருப்பதே 434 முதல் 438 வரை, நான்கே மெகாஹெர்ட்ஸ். அதனால் நொடிக்கு 333 ஆயிரம் சிம்பல் (அலையில் ஏற்றும் தகவலின் ஒரு துண்டு) என்று ஒடுக்கி அனுப்புகிறோம். அது சுமார் 450 கிலோஹெர்ட்ஸில் அடங்கிவிடும். அதற்குள் நொடிக்கு ஏறக்குறைய 440 கிலோபிட் போகும். எச்.265 முறையில் சுருக்கினால் ஒருவர் முகமும், பின்னால் சுவரில் எழுதிய கால்சைனும் (ஹாமின் அடையாளக் குறி) பளிச்சென்று தெரியும். பந்து பறக்கிற கிரிக்கெட் தெரியாது.

வாங்கினால் போதுமா என்று கேட்டீர்கள். போதாது. முதலில் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு நடத்தும் தேர்வை எழுதி லைசென்ஸ் வாங்குங்கள். பன்னிரண்டு வயது நிறைந்தவர் யாரும் எழுதலாம். சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பம் இருக்கிறது. உங்கள் ஊரில் கடற்படையின் பருந்து விமானத்தளம் இருக்கிறது, பக்கத்திலேயே மண்டபத்தில் கடலோரக் காவல் படை. இந்தக் கரையில் லைசென்ஸ் இல்லாமல் ஒரு மில்லிவாட் கூட அனுப்பாதீர்கள். லைசென்ஸ் வரும்வரை பிறர் அனுப்பும் அலையை வாங்கிப் பார்த்துப் பழகுங்கள். அலையை வாங்க மட்டும் செய்யும் சின்ன யூஎஸ்பி எஸ்டிஆரான ஆர்டிஎல் டாங்கிள் ஒன்றும் எஸ்டிஆர்ஏஞ்சல் மென்பொருளும் இருந்தால் போதும். வீட்டு செட்டாப் பாக்ஸை நம்பாதீர்கள். இவ்வளவு குறைந்த சிம்பல் வேகத்தை அது பிடிக்காது.

கேள்வி: புளூட்டோவுக்குப் பின்னால் 30 வாட் ஆம்ப்ளிஃபயர் வைத்தேன். மீட்டரில் 28 வாட் காட்டுகிறது. ஆனால் நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் என் மச்சானுக்குப் படம் வரவேயில்லை. சலித்துப்போய் 6 வாட்டுக்கு இறக்கினேன், படம் பளிச்சென்று வந்துவிட்டது! பவர் குறைத்தால் படம் வருவது எப்படி அண்ணே?
ஹாம் அன்பர், பாம்பன்

பதில்: இந்த இதழில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

வாசல் கோலத்துக்கு நாலு புள்ளி வைக்கிறோம் என்று வையுங்கள். நாம் அனுப்பும் க்யூபிஎஸ்கே அலை அப்படித்தான். ஒவ்வொரு சிம்பலும் நாலு புள்ளிகளில் ஏதோ ஒன்றில் போய் நிற்கும், ஒரு புள்ளிக்கு இரண்டு பிட். எந்தப் புள்ளி என்று வாங்குகிறவர் பெட்டி கண்டுபிடிக்க வேண்டும். புள்ளியிலிருந்து புள்ளிக்குத் தாவும்போது அலையின் உயரம் ஏறி இறங்கும். எஃப்எம்மில் இந்த ஏற்ற இறக்கம் கிடையாது. அதனால்தான் எஃப்எம்முக்கு ஆம்ப்ளிஃபயரை முழு மூச்சில் ஓட்டலாம். உங்கள் ஆம்ப் மேல் எழுதியிருக்கும் 30 வாட் எஃப்எம் கணக்கு. நம் அலையை அதே அளவில் ஓட்டினால் உச்சிகள் தட்டையாகிவிடும், கோலப்புள்ளியை ஈரக் கையால் இழுத்தது போல நாலும் கலங்கிவிடும். வாங்கும் பெட்டிக்கு எது எந்தப் புள்ளி என்று தெரியாது. சக்தி நிறையப் போய்ச் சேர்ந்தும் படம் இல்லை.

பழைய டிவி மாதிரி புள்ளி புள்ளியாகக் கொஞ்சம் தெரிந்து கொஞ்சம் மறைவதெல்லாம் டிஜிட்டலில் கிடையாது. படம் முழுதாக இருக்கும், அல்லது திரை கறுப்பாக இருக்கும். நடுவில் ஒன்றுமில்லை.

ஆகவே எழுதியிருக்கும் வாட்டில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். நானும் மிட்சுபிஷியின் ஆர்ஏ30எச்4047எம் மாட்யூல்தான் வைத்திருக்கிறேன். எஃப்எம்முக்கு 30 வாட் தரும் அதை ஏழு வாட்டில் நிறுத்திவிட்டேன். புளூட்டோ தருவது சில மில்லிவாட்தான் என்பதால் நடுவில் ஒரு சின்ன டிரைவர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

சரி, படம் வந்துவிட்டது, அதோடு விட்டுவிடலாமா? கூடாது. புளூட்டோ 437 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும்போது அதன் மூன்று மடங்கில், அதாவது 1311லும், பலமாகவே ஒரு அலை வெளியேறும். ஆம்ப்ளிஃபயர் அதையும் சேர்த்துப் பெரிதாக்கும். அதனால் புளூட்டோ வாயிலேயே 70 சென்டிமீட்டர் பட்டைக்கான ஃபில்டர் ஒன்று, ஆம்ப்ளிஃபயருக்குப் பின் மேல் அலைகளைத் தடுக்கும் லோபாஸ் ஃபில்டர் ஒன்று. இரண்டும் இல்லாமல் ஆண்டெனாவில் மாட்டாதீர்கள். அப்புறம் ஆர்டிஎல் டாங்கிளில் உங்கள் அலையைப் பாருங்கள். நடுவில் மேசை போலச் சமமாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் தோள் மாதிரி சரிவு ஏறியிருந்தால் ஆம்ப் இன்னும் திணறுகிறது என்று பொருள். தோள் இறங்கும்வரை பவரைக் குறையுங்கள். டாங்கிளை நேரடியாகக் கேபிளில் கோத்துப் பார்ப்பதானால், புளூட்டோவுக்கே சக்தியைக் குறைக்கும் 40 டெசிபல் அட்டெனுவேட்டர் நடுவில் வேண்டும். ஆம்ப்ளிஃபயரோடு ஒருபோதும் அப்படிக் கோக்காதீர்கள். டாங்கிளுக்கு ஒரு துண்டுக் கம்பியை ஆண்டெனாவாக வைத்து அடுத்த அறையில் வைத்தால் போதும்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆடி மாதம், என் ஆண்டெனா கனெக்டருக்குள் உப்புத்தண்ணீர் இறங்கியிருந்தது. எனக்குத் தெரியாது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து போன சக்தி திரும்பி வந்து, அது தானாகவே ஊளையிட ஆரம்பித்துவிட்டது. தற்செயலாக டாங்கிளை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன். 437க்கு அனுப்புகிற என் பெட்டி 156 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. 156.8 தான் கடலில் போகிறவர்களின் 16ஆம் சேனல். ஆபத்தில் இருக்கிற படகு கூப்பிடும் இடம். உடனே மெயினை இறக்கினேன். கனெக்டர், கேபிள், ஆம்ப்ளிஃபயரின் எர்த் எல்லாம் மாற்றி, மறுபடி அளந்து பார்க்கும்வரை இரண்டு வாரம் ஸ்டேஷனைத் தொடவில்லை. என் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் கடலில் இருக்கிறார்கள். அந்த நாளிலிருந்து, அனுப்புவதற்கு முன் 100 முதல் 1500 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு முறை துழாவிப் பார்க்காமல் நான் பொத்தானை அழுத்துவதில்லை.

கேள்வி: எவ்வளவு நல்ல கேபிள் போட்டாலும் ஒரு வருடத்தில் சிக்னல் பாதியாகிறது. கடற்கரை வீட்டுக்கு என்ன வழி?
வாசகர், மூக்கையூர்

பதில்: கேபிளை விட மூட்டுதான் முதலில் சாகும். கச்சான் (தென்மேற்கு) காற்று அடிக்கிற மாதங்களில் உப்பு நுழையாத இடம் கிடையாது. ‘N’ வகை கனெக்டர் போடுங்கள். அதன்மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதற்கும் மேல் சாதாரண கறுப்பு டேப். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், நீர் அங்கேயே சொட்டிவிடும். அலுமினியக் குழாயில் செம்பைத் தொட வைக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் பொடியாகிவிடும்.

கேபிள் விலையைப் பார்த்து ஆர்ஜி-58 வாங்கியிருந்தால் ஒரு கணக்கு சொல்கிறேன். 30 மீட்டர் ஆர்ஜி-58இல் 435 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 9 டெசிபல் போய்விடும். நீங்கள் 10 வாட் கொடுத்தால் மேலே போய்ச் சேர்வது ஒன்றேகால் வாட். நான் ஆம்ப்ளிஃபயரை ஆண்டெனாவுக்கு அடியிலேயே, மூடிய டப்பாவில் வைத்துவிட்டேன். வேறு செலவெதுவும் இவ்வளவு பலன் தரவில்லை.

கேள்வி: சந்தனக்கூடு விழாவை வர முடியாத வயசாளிகள் வீட்டில் இருந்தே பார்க்க, இந்த முறையில் ஊர் முழுக்க ஒளிபரப்பலாமா?
வாசகர், ஏர்வாடி

பதில்: எண்ணம் நல்லது. ஆனால் முடியாது. அமெச்சூர் லைசென்ஸ் இன்னொரு அமெச்சூரோடு பேசத்தான். பொதுமக்களுக்கு ஒளிபரப்புவதும், பாட்டு போடுவதும், விளம்பரம் காட்டுவதும் அதில் இல்லை. விழாவுக்கு இணைய நேரலையே சரியான வழி.

கேள்வி: அண்ணே, என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். கடலுக்குப் போனால் திரும்பும்வரை மனசு மனசாக இல்லை. இந்தப் பெட்டி ஒன்றைப் படகில் வைத்தால் முகத்தையாவது பார்க்கலாமா?
வாசகி, மண்டபம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் தங்கச்சி. லைசென்ஸ் உங்கள் வீட்டுக்காரர் பெயரிலும் இருக்க வேண்டும், படகில் இயக்கத் தனி அனுமதியும் வேண்டும். எல்லைக் கடலில் அனுமதியற்ற டிரான்ஸ்மிட்டர் படகில் இருந்தால் அதுவே அவருக்குப் பெரிய சிக்கலாகிவிடும். ஆடுகிற படகில் ஆண்டெனாவைக் கரைப்பக்கம் பிடித்து வைப்பதும் நடக்கிற காரியமில்லை.

ஆனால் உங்களுக்கு வேண்டியது முகத்தை விட, அவர் பத்திரமாக இருக்கிறார் என்ற சேதிதானே. படகில் கடல்சார் விஎச்எஃப் செட் வேலை செய்கிறதா, பேட்டரி தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி ஒன்று இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் படகு இருக்கும் இடத்தோடு செய்தி செயற்கைக்கோள் வழியாகச் சென்னையில் கடலோரக் காவல் படையின் மீட்பு மையத்துக்குப் போகும். அதன் புதிய தலைமுறைக் கருவியில், செய்தி கிடைத்தது என்ற பதிலும் படகுக்கே திரும்பி வரும். மீன்வளத் துறை அலுவலகத்தில் உங்கள் படகு எண்ணைச் சொல்லி விசாரியுங்கள். இந்தப் பக்கத்தில் எதை ஒத்திப்போட்டாலும் பரவாயில்லை, இதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

கேள்வி: மொட்டை மாடியில் பழைய டிஷ் ஒன்று சும்மா கிடக்கிறது. ஹாம்களுக்கென்றே ஒரு சேட்டிலைட் டிவி சேனல் உண்டாமே, நம் ஊரில் தெரியுமா?
வாசகர், சாயல்குடி

பதில்: தெரியும். கத்தார் நாட்டின் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோள் 2018 நவம்பரில் ஏவப்பட்டது. அதில் அமெச்சூர்களுக்காகத் தனியாக டிரான்ஸ்பாண்டர் (மேலே வரும் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) வைத்திருக்கிறார்கள். கியூஓ-100 என்று பெயர். கிழக்குத் தீர்க்கரேகை 26இல், ஏறக்குறைய காங்கோ நாட்டுக்கு நேர் மேலே அசையாமல் நிற்கிறது. நமக்கும் அதற்கும் சுமார் 38,750 கிலோமீட்டர்.

வழக்கமான டிடிஎச் டிஷ்கள் எல்லாம் கிழக்குச் சாய்வாக உயரப் பார்க்கும். இதற்கு நேர்மாறாகத் திருப்ப வேண்டும். நம் மாவட்டக் கரையில் இருந்து மேற்கே, மேற்கிலிருந்து ஏழு டிகிரி தெற்கே ஒதுங்கி, அடிவானத்திலிருந்து 28 அல்லது 29 டிகிரி உயரத்தில். அந்தத் திசையில் தென்னை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாயல்குடிப் பக்கம் பனைதான் அதிகம், பனை பரவாயில்லை, இடைவெளி இருக்கும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷை விட 90 இருந்தால் நிம்மதி.

படங்கள் கீழே வருவது 10,491 முதல் 10,499 மெகாஹெர்ட்ஸ், கிடைமட்ட அலையில். டிஷ் முனையில் அலையை வாங்கும் யுனிவர்சல் எல்என்பிக்கு 18 வோல்ட் கொடுத்தால் அது 9,750ஐக் கழித்துவிட்டு 741 முதல் 749 மெகாஹெர்ட்ஸாகக் கேபிளில் இறக்கும். அதை ஆர்டிஎல் டாங்கிள் படிக்கும். டாங்கிளுக்குள் 18 வோல்ட் போகாதபடி நடுவில் பயாஸ்-டீ ஒன்று கட்டாயம். முதலில் 741.5 பக்கம் பாருங்கள். அகலமாக, மேசை போல ஒரு மேடு இருபத்துநாலு மணி நேரமும் நிற்கும். அதுதான் பீக்கன் என்னும் அடையாள அலை, டிஷ்ஷைத் திருப்பச் சரியான குறி. அதற்கு வலப்பக்கம் சின்னச் சின்ன மேடுகளாக எழுந்து எழுந்து அமிழ்வதெல்லாம் ஒவ்வொரு ஹாமின் படம். ஒரு ராத்திரி முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மேலே அனுப்புவது 2.4 கிகாஹெர்ட்ஸில், 2401.5 முதல் 2409.5 வரை. புளூட்டோவுக்கு அது எளிதாக எட்டும் இடம்தான். ஆனால் பெட்டிக்கு எட்டுவது வேறு, நமக்கு அனுமதி இருப்பது வேறு. உங்கள் லைசென்ஸில் அச்சிட்டிருக்கும் பட்டைகளை வரி வரியாகப் படியுங்கள். அதில் இல்லாத இடத்தில் அனுப்பாதீர்கள். அனுமதி உள்ளவர்களுக்கும் அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் மேடும் பீக்கனின் உயரத்தைத் தொடக் கூடாது. ஒருவர் ஓங்கிக் கத்தினால் டிரான்ஸ்பாண்டரில் மற்ற எல்லோருடைய படமும் மங்கும்.

கேள்வி: எங்கள் வாப்பா காலத்தில் ரூபவாஹினி பார்க்க நட்ட இரும்புக் குழாயும் ஆண்டெனாவும் இன்னும் மாடியில் நிற்கிறது. நான் போன மாதம்தான் லைசென்ஸ் வாங்கினேன். அதையே பயன்படுத்தலாமா? தொண்டியிலிருந்து தங்கச்சிமடம் எட்டுமா?
புது ஹாம், தொண்டி

பதில்: ரூபவாஹினி 1982இல் தொடங்கிய பிறகு, இந்தக் கரை முழுக்க நான் நட்ட குழாய்கள் எத்தனையோ. உங்கள் வாப்பா வீட்டுக் குழாயும் அதில் ஒன்றாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

ஆண்டெனாவை இறக்கிவிடுங்கள். அதன் குச்சிகள் வேறு அலைக்கு வெட்டியவை. 437க்கு அரை அலை நீளமே 34 சென்டிமீட்டர்தான். பத்துப் பன்னிரண்டு குச்சி உள்ள யாகி ஆண்டெனா ஒன்றை நீங்களே வெட்டிவிடலாம். குழாயை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அடியில் துரு தின்றிருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமாகச் சத்தம் வந்தால் அந்த அடியை அறுத்துவிட வேண்டியதுதான். ஸ்டே கம்பிகளையும் புதிதாகப் போடுங்கள்.

தொண்டிக்கும் எனக்கும் நடுவில் பாக் விரிகுடா, 57 கிலோமீட்டர். 12 மீட்டர் உயரக் குழாய்க்கு ரேடியோ அடிவானம் சுமார் 14 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்தால் 28. கணக்குப்படி எட்டாது. ஆனால் கடல் சில நாள் கணக்கை மீறும். தரையிலிருந்து போகும் வறண்ட சூடான காற்று, கடல்மேல் படிந்த ஈரக் காற்றின் மேல் மூடி போட்டது போல உட்கார்ந்துவிட்டால், நடுவில் ஒரு சுரங்கம் மாதிரி அமையும். அலை அதற்குள் வளைந்து வளைந்து அடிவானத்தையும் தாண்டிப் போகும். இலங்கை எஃப்எம் உங்கள் வீட்டில் சில மாலைகளில் பக்கத்து வீட்டுச் சத்தம் போலக் கேட்குமே, அதற்கும் இதுதான் காரணம்.

அப்படி ஒரு மாலையில்தான், காற்று ஓய்ந்த மாசி மாதத்தில், கீழக்கரையில் இருக்கும், நான் காக்கா (அண்ணன்) என்று கூப்பிடும் நண்பரின் முகம் எனக்குக் கிடைத்தது. சுமார் 50 கிலோமீட்டர், ஏறக்குறைய முழுதும் கடல். அவர் கையில் எழுதிப் பிடித்திருந்த கால்சைன் அட்டை அசையாமல் நின்றது. பேசுவதற்கு வார்த்தை வராமல் இரண்டு பேரும் கையை ஆட்டிக்கொண்டே இருந்தோம். பத்து நிமிடத்தில் காற்று மாறியது, திரை கறுத்துவிட்டது. அன்று எங்கள் எஃப்இசி, அதாவது பிழை திருத்தக் கூடுதல் பிட் சேர்க்கும் விகிதம், இரண்டுக்கு மூன்று: இரண்டு பிட் படத்துக்கு மூன்று பிட் அனுப்புவது. அதை ஒன்றுக்கு இரண்டாக மாற்றியிருந்தால் இரண்டு டெசிபல் தாக்குப் பிடித்திருக்கும், இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருப்போம். நீங்கள் ஆரம்பத்திலேயே ஒன்றுக்கு இரண்டில் வையுங்கள், 333க்குப் பதில் 125 ஆயிரம் சிம்பல் போதும். படம் கொஞ்சம் மசங்கும், ஆனால் இன்னும் 4 டெசிபல் மிச்சமாகும்.

வாடை தொடங்குமுன் குழாயை நிமிர்த்திவிடுங்கள். யாகியைத் தென்கிழக்கே, தெற்கை ஒட்டித் திருப்புங்கள். ஏற்றியதும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். மறுநாள் சாயங்காலம் ஆறரைக்கு நான் என் ஆண்டெனாவை உங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, டாங்கிளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.